பரந்தன் எந்த மாவட்டம்?

லாங்கன்தால், சுவிஸ்
12.03.2025

அன்பின் மங்களத்துக்கு,

உமது முழங்கால் வலி எப்படி? நான் சுகம். இருமல் கொஞ்சம் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

உம்மை இங்கே கூப்பிடும் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிழை என்னுடையது. உமது பிறப்புப் பத்திரத்தில் பரந்தன், யாழ்ப்பாண மாவட்டம் என்றிருக்கிறது. நானோ பள்ளிக்கூடத்தில் கொப்பி திருத்திய பழக்கத்தில், இன்றைக்குச் சரியானது அதுதானே என்று கிளிநொச்சி மாவட்டம் என எழுதிவிட்டேன்.

மொழிபெயர்க்க என் பழைய மாணவி லக்சாயினி குடிவரவு அலுவலகத்துக்கு வந்தாள். கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது என்று அங்கிருந்த அதிகாரி அம்மாவுக்குப் படம் கீறி விளக்கினேன். ஒரு வகுப்பை இரண்டாகப் பிரித்தால் பிள்ளை வேறு பிள்ளையாகுமா என்றும் கேட்டேன்.

"சேர், சுருக்கமாச் சொல்லுங்கோ. மனிசி மணிக்கூட்டைப் பாக்குது" என்றாள் லக்சாயினி.

அந்த அம்மாவின் கிராமத்தையும் போன வருடம் பக்கத்துக் கிராமத்தோடு சேர்த்துவிட்டார்களாம். அதனால் எல்லாம் விளங்குகிறதாம். ஆனாலும் கடிதம் வேண்டுமாம்! விளங்கிய பிறகும் கடிதம் கேட்பவரிடம் என்னத்தைச் சொல்வது?

முப்பது நாள் தந்திருக்கிறார்கள். மாவட்டம் பிரிந்த திகதியைப் போட்டு கிளிநொச்சிக் கச்சேரியில் அரச அதிபரிடம் ஒரு கடிதம் வாங்கும். அங்கே யாழ்ப்பாணத்துக்குப் போகச் சொல்வார்கள், யாழ்ப்பாணத்தில் கிளிநொச்சிக்குப் போகச் சொல்வார்கள். கோபிக்காமல் இரண்டிடத்திலும் வாங்கும்.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது. பார்சலில் அனுப்ப வேண்டாம், நீரே கொண்டு வாரும்.

வேலைக்கு நேரமாகிறது.

உமது,
சிவபாதம்