தெருவுக்குப் போன சோபா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, காரணம் இந்தக் கடிதத்திலேயே வரும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே மீட்டிங் என்று ஓடிவிடுகிறாய், கடிதம் என்றால் ஓட முடியாதல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்தேன். முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், அம்மா ஜெயித்துவிட்டாள். எப்படி என்பதைச் சாவகாசமாகச் சொல்கிறேன், கேள்.

நகரசபை வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக நகரமைப்பு ஆலோசனை செய்யப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, இந்த வயதில் எதற்கு இந்த வம்பு என்று நீ பதறினாய். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. இப்போது உன் அறைதான் அவளுடைய ஆபீஸ். கட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று, சுவர் முழுக்க வரைபடம். மேனேஜர், டிரைவர், டீ போடுகிற ஆள் எல்லாம் நானே, சம்பளத்துக்குப் பதில் திட்டு கிடைக்கிறது. முதல் வேலையாக வந்தது நம் கடைத்தெரு, நீ சைக்கிள் பழகி விழுந்தாயே, அதே தெருதான். பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கிவிட்டது. வியாபாரிகள் சங்கத்தார் வீட்டுக்கே வந்து, ரோட்டை அகலமாக்கி வண்டி நிறுத்த இடம் வருகிற மாதிரி ஒரு திட்டம் போட்டு நகரசபையில் அனுமதியும் வாங்கித் தாருங்கள் என்றார்கள். அம்மா தினமும் போய்த் தெருவில் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு, வண்டி நிறுத்த இடம் இல்லாததால் கடைகள் படுக்கவில்லை, இந்தத் தெருவில் மனிதர் யாரும் நிற்பதே இல்லை, அதனால்தான் படுத்துவிட்டன, தெருவில் பாதியை நடக்கவும் உட்காரவும் விடுங்கள் என்றாள். சங்கத் தலைவரான இரும்புக்கடைக்காரர் குதிகுதியென்று குதித்தார். "நாங்க கேட்டது பார்க்கிங், இந்தம்மா பெஞ்சு போடச் சொல்லுது, ஆணி வாங்க வர்றவன் எதுக்குங்க உட்காரணும்?" என்றார். அம்மா கோபப்படவில்லை. என்னை நம்ப வேண்டாம், ஒரே ஒரு வாரம் செய்து பாருங்கள், சரிப்படவில்லை என்றால் நானே விலகிக்கொள்கிறேன் என்றாள். ஒரு வாரம்தானே, தொலையட்டும் என்று சங்கத்தார் அரைமனசாக ஒப்புக்கொண்டார்கள். இதற்கிடையில் பழைய ஆபீஸ் அதிகாரி வேறு அவ்வப்போது போன் செய்து, உங்கள் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது என்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். இது கைகொடுக்காவிட்டால் திரும்பப் போய்விட வேண்டியதுதான் என்று அம்மா என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

சோதனைக்குப் பெஞ்சு செய்ய யார் பணம் கொடுப்பார்கள், அதனால் நம் வீட்டுச் சாமான்களே தெருவுக்குக் கிளம்பின. சாப்பாட்டு மேஜை நாற்காலிகள், மொட்டைமாடி ஸ்டூல், கடைசியில் நம் சோபா. நடுத்தெரு மரங்களின் நிழலில் எது எங்கே வர வேண்டும் என்று அம்மா சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். சோபாவை நானும் கடைத்தெரு டீக்கடை மாஸ்டரும் தூக்கினோம். அந்தப் பிசாசு என்ன கனம் கனக்கிறது! இரும்புக்கடை வாசலுக்கு வந்தபோது என் முழங்கால் மக்கர் செய்துவிட்டது, கொஞ்ச நேரம் இங்கேயே கிடக்கட்டும் என்று கடையைப் பார்த்தபடி இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம். திரும்பி வந்தால் இரும்புக்கடைக்காரர் கத்திக்கொண்டு நிற்கிறார், ஆனால் சோபாவை எடுக்கச் சொல்ல அவராலும் முடியவில்லை, அதில் ஒரு கர்ப்பிணிப் பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவள் போல. உட்கார்ந்தபடியே கடைக்குள் எட்டிப் பார்த்து, "அந்தப் பச்சை வாளி என்ன விலைங்க?" என்று கேட்டாள். வாளியை வாங்கினாள், கூடவே துணி காயப்போடக் கயிறும் வாங்கினாள். இரும்புக்கடைக்காரர் கத்தலை விட்டுவிட்டுச் சில்லறை எண்ணப் போய்விட்டார். அவள் எழுந்ததும் வேறு இருவர் வந்து உட்கார்ந்தார்கள். மரத்தடியில் அம்மா கணக்குப்போட்டு வைத்த நாற்காலிகளோ ஈ ஓட்டிக்கொண்டிருந்தன.

இன்றைக்கு நமக்குப் பூசைதான் என்று நான் தயாராக நின்றேன். அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சோபாவையும் மரத்தடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி, "ஏங்க, நான்தான் தப்பா போட்டிருக்கேன். கடைக்கு முதுகைக் காட்டி வண்டியைப் பார்க்க உட்கார வெச்சா யாரு உட்காருவா?" என்றாள். அதை அப்படி உடைத்துச் சொன்னதில்தான் இரும்புக்கடைக்காரர் விழுந்துவிட்டார் என்று நினைக்கிறேன். சாக்பீஸ் வட்டங்களை அழித்து, மர நிழலை நடப்பதற்கு விட்டு, நாற்காலிகளைக் கடையோரமாகக் கடையைப் பார்த்துப் போட்டோம். அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலி தூக்கினார். வாரம் முடிவதற்குள் மூடிக் கிடந்த தையல்கடை ஷட்டர் ஏறியது.

பிறகு திட்டம் நகரசபைக் கூட்டத்துக்கு வந்தது. ஒரு உறுப்பினர் கொட்டாவி விடுகிறார், இன்னொருவர் ரோடு குறுகிவிடுமே என்று ஆரம்பிக்கிறார். அப்போது இரும்புக்கடைக்காரர் எழுந்து, "முதல்ல வேணாம்னு சொன்னவனே நான்தான். இப்ப அந்த நாற்காலிகளை எடுத்தீங்கன்னா கடையைப் பூட்டிட்டு உங்க வாசல்ல வந்து உட்காருவேன்" என்றாரே பார்க்கலாம்! கூடமே சிரித்தது, திட்டமும் நிறைவேறியது. நிரந்தரப் பெஞ்சுகள் தயாராகின்றன. பக்கத்து ஊரிலிருந்தும் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பழைய அதிகாரி மறுபடி போன் செய்தார், அந்த நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வையுங்கள் சார் என்று அம்மா பதவிசாகச் சொல்லிவிட்டாள்.

மற்ற சாமான்கள் வீடு வந்துவிட்டன, சோபா மட்டும் வரவில்லை. கேட்கப் போனால், எங்கள் தெரு சோபாவை எங்கே தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்று இரும்புக்கடைக்காரர் என்னையே திருடனைப் போலப் பார்க்கிறார். மழைக்குத் தார்ப்பாய் எல்லாம் போட்டுப் பார்த்துக்கொள்கிறார். நீ மை கொட்டிய கறை அப்படியே இருக்கிறது, கவலைப்படாதே.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டர் முன்னால் தட்டை வைத்துக்கொண்டு கொறிக்காதே, குளிரில் காதைக் கட்டாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல். அம்மாவுக்கு நீயாகவே ஒரு போன் போடு, மீட்டிங் இல்லாத நேரமாகப் பார்த்து. அவள் கேட்கமாட்டாள், ஆனால் நீ பயந்தது அவளுக்கு இன்னும் மனசில் இருக்கிறது.

ஒன்று சொல்ல மறந்தேனே. நேற்றுச் சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போயிருந்தோம், அம்மா அந்த சோபாவில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் யாரென்றே தெரியாமல் அவளிடம், "யாரோ ஒரு புண்ணியவதி இதைப் போட்டாங்க, காலுக்கு என்ன சுகம்" என்றாள். அம்மா "அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டாள். நின்றுகொண்டே சாப்பிட்டு, நின்றுகொண்டே உன்னை ஸ்கூலுக்கு அனுப்பி, நின்றுகொண்டே பஸ் பிடித்து வேலைக்குப் போனவள் அவள். அந்த சோபா நம் வீட்டில் இருந்தவரை அதில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நேற்று பார்த்தேன். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, வயிறாரச் சாப்பிட்டு, வாய்விட்டுச் சிரித்து இருவரும் நன்றாக இருங்கள். லீவு கிடைத்ததும் முன்கூட்டியே எழுது, கட்டிலைப் பரணிலிருந்து இறக்க இரும்புக்கடைக்காரரைக் கூப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் மேனேஜர்,
அப்பா