முதுகுக்குப் பின்னால் இஞ்சின்

அண்ணை,

இன்று காலை அஜக்ஸ் ரயில் நிலையத்தின் கார்த் தரிப்பிடத்தில் அந்த மணம் வந்தது. சூடான இரும்பில் சீனிப்பாணி சிந்திக் காய்ந்தது போன்ற இனிப்பு மணம். மகளின் காரை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் வந்திருந்தேன். முன்மூடியைத் தூக்கிப் பார்த்தால், றேடியேற்றருக்குப் போகும் குழாயின் கழுத்தில், இஞ்சினைக் குளிர்விக்கிற பச்சைத் தண்ணீர் கசிகிறது. மகள் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டாள். எனக்கு அவசரமாகப் போக ஓரிடமும் இல்லை. காரில் சாய்ந்தபடி நின்றேன். நீங்கள் கண்மூடிப் போன பிறகு முதல் தடவையாக உங்களோடு ஆறுதலாகக் கதைக்கவேண்டும் போலிருந்தது.

நாங்கள் சிநேகிதராகி ஒன்றாக இருந்தவர்கள் அல்ல. அக்காவை நீங்களும் தங்கையை நானும் கட்டியதால் ஒரு கூரைக்குக் கீழ் வந்தோம். தொண்ணூறுகளின் நடுவில், ஊரைவிட்டு இந்தப் பனி நாட்டுக்கு வந்த புதிதில், வோபர்னில் அந்தச் சின்ன வீட்டை இரண்டு குடும்பமாக வாடகைக்கு எடுத்தபோது, உங்களோடு நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியிருக்கமாட்டேன். நீங்கள் விடிய ரக்ஸி எடுத்துக்கொண்டு போவீர்கள். எனக்கு ரெக்ஸ்டேலில் பிளாஸ்ரிக் பக்ரறியில் மாலை வேலை. நகரத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு பஸ் மாறி மாறிப் போய் வருவேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவடியில் சந்தித்தால், "என்ன, வேலை எப்பிடி?" என்பீர்கள். "போகுது அண்ணை" என்பேன். எங்கள் உறவு அவ்வளவுதான்.

பிறகு அந்தப் பெப்ரவரி வந்தது. பட்டப்பகலில், பின்சீற்றில் ஏறியவன் ஒருத்தன் உங்கள் கழுத்தில் பெல்ற்றைப் போட்டு இறுக்கிவிட்டு, இருந்த காசை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து பொலிசார்தான் உங்களை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். கழுத்தைச் சுற்றி ஒரு சிவந்த கோடு. அவர்கள் எத்தனை விதமாகக் கேட்டும் நீங்கள் சொன்னது ஒன்றுதான்: "முகம் பாக்கேல்லை. பின்னால இருந்தவன்."

அதற்குப் பிறகு நீங்கள் ரக்ஸியைத் தொடவில்லை. வரவேற்பறையில் சுவரோடு ஒட்டிக் கிடந்த சோபாவில் இருந்தால் இருந்ததுதான். உங்களுக்குப் பின்னால் ஒருவரும் நடக்கக்கூடாது. குசினியில் நீங்கள் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிற்கும்போது என் மனைவி பின்புறமாக வந்து அலுமாரியைத் திறந்ததற்குக் கோப்பை கையிலிருந்து விழுந்து உடைந்தது. தமிழ்க் கடைகளுக்குப் போவதையும் விட்டீர்கள். கோயிலுக்கும் வரவில்லை. வெட்கம் என்று நினைத்தோம். அக்கா பகல் வேலையோடு பின்னேரத்தில் கந்தோர்களில் மேசை, நிலம் துடைக்கிற வேலையையும் எடுத்தா. வீட்டில் எல்லோருடைய முகமும் நித்திரையில்லாத முகமாகவே இருந்தது.

வசந்தம் வந்து பனி கரைந்த ஒரு சனிக்கிழமை, இழுவை லொறி ஒன்று அந்தச் சாமானை எங்கள் கராஜ் வாசலில் இறக்கியது. பழைய பீட்டில் காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, மேலே கண்ணாடியிழை உடம்பு வைத்த வண்டி. கதவும் இல்லை, கூரையும் இல்லை. 'பகி' என்று பெயர் சொன்னீர்கள். பின்னாலிருந்த இஞ்சின் இறுகிச் செத்துப்போயிருந்தது.

அக்கா படியில் நின்று பார்த்தா. "நாங்கள் நாரி முறிய வேலை செய்யிறம். உங்களுக்கு விளையாட்டுச் சாமான் கேக்குதோ?"

நீங்கள் என்னிடம் ஸ்பனரை நீட்டினீர்கள். "தம்பி, இதின்ரை பின்சீற்றைக் கழட்டவேணும். ஒருக்காப் பிடியும்."

"ஏன் அண்ணை, நல்லாத்தானே கிடக்கு?"

"எனக்குப் பின்னால ஆள் இருக்கக்கூடாது. இஞ்சின் இருக்கட்டும்."

அப்போதுதான் எனக்கு ஏதோ விளங்கியது. ஸ்பனரை வாங்கினேன்.

செத்த இஞ்சினைத் திருத்தப்போவதில்லை என்றீர்கள். அது காற்றாலே குளிர்கிற இஞ்சின்; சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகிற றோட்டில் வெய்யில் காலத்தில் கொதித்துவிடும், தண்ணியாலே குளிர்கிற இஞ்சின்தான் போடவேணும் என்றீர்கள். பழைய கார்கள் உடைக்கிற இடத்தில் ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தீர்கள். பனிக்காலத்து றோட்டு உப்பு உடம்பு முழுவதையும் தின்றுவிட்ட ஒரு சிறிய கார்; அதன் இஞ்சினில் மட்டும் குறையில்லை. உங்களுக்கு அந்த வேலையில் பழக்கம் இல்லை, எனக்கும் இல்லை. நூலகத்தில் எடுத்த புத்தகத்தின் படங்களைப் பார்த்துத்தான் தொடங்கினோம். கியர்ப்பெட்டியோடு இஞ்சினைப் பொருத்துகிற தகடு அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்தது. முதல் தடவை அதைத் தலைகீழாகப் பூட்டினோம். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அதோடு போனது.

அந்த ஞாயிறுகள் எனக்கிருந்த ஒரே ஓய்வு நாட்கள், அண்ணை. கண்ணுக்குள் மணல் போட்டதுபோல இருக்கும். ஆனால் இஞ்சினைத் தனியொரு ஆள் தூக்கமுடியாது. நீங்களோ வண்டியின் பின்புறத்தைக் கராஜின் பின்சுவரோடு நெருக்கி நிறுத்தி, சுவருக்கும் இஞ்சினுக்கும் நடுவிலே புகுந்து நின்று வேலை செய்தீர்கள். திருப்பி நிறுத்தினால் லேசு என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும், "உப்பிடியே இருக்கட்டும்" என்றீர்கள். உங்கள் முழங்கையெல்லாம் சுவரில் உரசித் தோல் போனது. சுவர் முதுகில் முட்டினால்தான் உங்கள் கை நடுங்காமல் இருந்தது. அதைக் கண்ட பிறகு நான் கேட்பதை விட்டேன்.

முதல் ஓட்டம் மார்க்கம் றோட் சிக்னல் வரைக்கும்தான். பின்னாலிருந்து அந்த இனிப்பு மணத்தோடு நீராவி கிளம்பியது. பஸ்சுக்கு நின்ற சனமெல்லாம் பார்க்க, இரண்டு பேரும் வண்டியை வீடுவரை தள்ளினோம். இஞ்சின் பின்னுக்கு, றேடியேற்றர் முன்னுக்கு, நடுவிலே தரையோடு ஓடுகிற நீளக் குழாய்கள். அவற்றுக்குள் காற்று அடைபட்டுத் தண்ணீர் சுற்றவில்லை என்று கண்டுபிடிக்க இன்னொரு ஞாயிறு. வண்டியின் மூக்கை ஜக்கில் உயர்த்தி, இஞ்சினை ஓடவிட்டு, காற்று மேலேறி வெளியே போகும்வரை தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தோம். நான் கவிழ்த்த வாளியில் இருந்தபடி தூங்கிப்போனேன். நீங்கள் தோளில் தட்டினீர்கள்.

"தம்பி, கையை வைச்சுப் பாரும். முன்னுக்குச் சுடுகுது."

றேடியேற்றரில் கையை வைத்தேன். சுட்டது. அந்தப் பெப்ரவரிக்குப் பிறகு நீங்கள் சிரித்து உங்கள் பல்லை நான் கண்டது அன்றைக்குத்தான்.

வண்டி றோட்டில் ஓடலாமோ என்று பார்க்கிற பரிசோதனைக்காரன் மட்காட் சிறிது, வைப்பர் சரியில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினான். அடுத்த முறை தலையை ஆட்டிக்கொண்டே சேர்ட்டிபிக்கற்றை எழுதித் தந்தான். நம்பர் பிளேற் பூட்டிய அன்று, "நீர் முன்னுக்கு இரும்" என்றீர்கள். கிங்ஸ்ரன் றோட்டால் கிழக்கே போனோம். காற்று காதுக்குள் அடித்ததில் ஒன்றும் கதைக்கமுடியவில்லை. நீங்கள் பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியைப் பார்ப்பதும் றோட்டைப் பார்ப்பதுமாக இருந்தீர்கள். கண்ணாடியில் இஞ்சினின் தலையும் அதற்கப்பால் வெறும் றோட்டும்தான் தெரிந்தன. அஜக்ஸ் ஏரிக்கரையில் நிறுத்தினீர்கள். இஞ்சின் நின்ற பிறகும் சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தம்பி, நான் பொலிசுக்குப் பொய் சொன்னனான்."

"என்ன அண்ணை?"

"முகம் பாக்கேல்லை, அது உண்மை. ஆனா அவன் கதைச்சவன். 'அண்ணை, சத்தம் போடாதேங்கோ' எண்டவன். கழுத்தை இழுத்துக்கொண்டே அண்ணை எண்டு கூப்பிட்டவன். மரியாதையா."

நான் உங்கள் பக்கம் திரும்பினேன்.

"குரல் இன்னும் முத்தேல்லை. எங்கடை பெடியன். ஆரோ ஒரு தாய் என்ன பாடுபட்டுக் கொண்டுவந்து சேர்த்த பிள்ளையோ."

"சொல்லியிருந்தா பிடிச்சிருப்பாங்கள் அண்ணை."

"பிடிச்சு ஊருக்குத் திருப்பி அனுப்பினா அங்கை, அந்தச் சண்டைக்குள்ளை, என்ன நடக்கும் எண்டு உமக்குத் தெரியாதோ?"

ஏரியில் ஒரு படகும் இல்லை.

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"அவளுக்குச் சொல்லிப்போடாதையும். கோயிலுக்குப் போறவள், கடைக்குப் போறவள். பிறகு காணுற பெடியள் எல்லாற்றை முகத்தையும் பாக்கத் தொடங்கிடுவாள். நான் ஒருத்தன் பாக்கிறது போதும்."

திரும்பும்போது அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தது நான்தான். நீங்கள் கொஞ்சம் இலகுவாகியிருந்தீர்கள்.

அந்தக் கோடையின் கடைசியில்தான் அக்கா அந்த வண்டியில் ஏறினா. நீங்கள் வண்டியைத் துடைத்துவிட்டு ஆசனத்தில் இருந்தீர்கள். நான் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். வேலையால் வந்த அக்கா நேரே வீட்டுக்குள் போய், சோபாக் குஷன் ஒன்றை எடுத்துவந்து, பின்சீற் கழற்றிய வெறும் தகட்டின் மேல் போட்டா. சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினா.

"இஞ்சருங்கோ, எடுங்கோ வண்டியை."

"முன்னுக்கு வா."

"வரமாட்டன். எத்தினை நாளைக்கு நான் உங்களுக்கு முன்னாலயே நிண்டு நிண்டு கதைக்கிறது? முதுகுக்கு ஒரு தைலம்கூடப் பூசி விடேலாமல் கிடக்கு. எனக்குக் களைச்சுப்போச்சு."

நீங்கள் இறங்கிவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். சாவியைத் திருப்பினீர்கள், நிறுத்தினீர்கள். கழுத்து வியர்த்தது. மறுபடியும் திருப்பினீர்கள். அக்கா கையை மடியிலேயே வைத்திருந்தா. வண்டி தெருமுனை வரை ஆமை வேகத்தில் போய், திரும்பி வந்தது. நீங்கள் இறங்கிப் புல்லில் குந்தி இருந்து அழுதீர்கள். நான் குழாயோடு கராஜுக்குள் போய்விட்டேன்.

அதோடு எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். ரக்ஸிக்கு நீங்கள் திரும்பவேயில்லை. களஞ்சியமொன்றில் சாமான் தூக்குகிற போர்க்லிப்ற் ஓட்டினீர்கள், ஓய்வு பெறும்வரை. ஆனால் அக்கா தைலம் பூசினா. சோபாவைச் சுவரிலிருந்து விலக்கி மற்றப் பக்கம் திருப்பிப் போட்டோம். பிறகு ஆளுக்கொரு வீடாக அஜக்ஸுக்கு வந்தோம். பகியின் அடிச்சட்டத்தை உப்பு தின்றது. சத்தமில்லாமல் அதை விற்றுவிட்டீர்கள். அந்த ஏரிக்கரைக் கதையை நாங்கள் இரண்டு பேரும் பிறகு எடுக்கவேயில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனம் கலைந்த பின், அக்கா எனக்கு முன்னால் வந்து இருந்தா.

"அவர் கடைசிவரைக்கும் என்னவோ ஒண்டை மனசுக்கை வைச்சிருந்தவர். உம்மட்டைச் சொன்னவரோ?"

"இல்லை அக்கா."

எழும்பித் தட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினா. நம்பினாவோ தெரியாது.

சென்ற கிழமை தமிழ்க் கடையில் மரக்கறிப் பக்கம் நின்றேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணை, கொஞ்சம் விலத்துறியளோ?" திரும்பினேன். ஐம்பதை நெருங்கிய ஒருத்தர்; அந்தப் பெடியனுக்கும் இப்போது அந்த வயதுதான் இருக்கும். பாதி நரைத்த தாடி, கையில் பால், தோளில் தூங்கும் பிள்ளை. தேவைக்கு அதிகமான நேரம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் கூச்சத்தோடு சிரித்தார். நானும் சிரித்துவிட்டு விலகி வழிவிட்டேன், அண்ணை. வீட்டுக்கு வந்து சேர எனக்குச் சரியாகக் களைத்துப்போயிருந்தது.