நான் சுற்றிய முள்ளுக்கரண்டி

06.03.2003, வியாழன்

ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு முந்நூறு பேராம். இன்று கை துடைக்கும் சேவியட் கடதாசியை மடித்து வைத்ததோடு சரி. ஹோட்டலில் எனக்கும் பாலம்மாவுக்கும் இதுதான் வேலை: கத்தி, கரண்டி, முள்ளுக்கரண்டி மூன்றையும் கடதாசியில் சுற்றி மேசைக்கு அனுப்புவது. பாலம்மா ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறாள். கண்டியிலேயே இருக்கும் நான்தான் தாமதம்.

09.03, ஞாயிறு

எப்படி எழுதுவது.

கடைசிக் கூடையில் இருந்ததைச் சுற்றும்போது ஒரு முள்ளுக்கரண்டியின் இடுக்கில் காய்ந்த முட்டை. பார்த்தேன். பார்க்கவில்லை என்று இங்கேயும் பொய் எழுத வேண்டாம். கழுவும் இடம் பத்தடி தூரம்தான். கால் வலி. கட்டைவிரலால் தேய்த்தேன், போகவில்லை — சுற்றிவிட்டேன். அது மாப்பிள்ளையின் தாயாருக்கே போய்ச் சேர்ந்தது. மண்டபத்தில் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாராம்.

சூப்பர்வைசர் மயில்வாகனம் அதைக் கொண்டுவந்து எங்கள் முன் போட்டார். "இது ஆர் சுத்தினது?"

அவர் பாலம்மாவைத்தான் பார்த்தார். "தோட்டத்தில இருந்து வாற ஆக்களுக்கு எத்தினை தரம் சொல்றது?"

"நான் பாத்துப் பாத்துத்தான் சுத்துனேன் ஐயா." என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

நான் குனிந்து கடதாசி மடித்துக்கொண்டிருந்தேன்.

நாளை முதல் அவள் வரத் தேவையில்லையாம்.

10.03

தனியாகச் சுற்றினேன். "நீங்கள் எண்டபடியா நம்பி விடுறன்," என்றார் மயில்வாகனம்.

14.03

அவளுக்குத் தெரிந்திருக்குமா? தெரியாமலா? சுற்றியது இரண்டே பேர். அவள் இல்லையென்றால் வேறு யார்? சீ, என்ன பொம்பள நான்.

18.03, போயா (பௌர்ணமி) லீவு

குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி ஹேவாஹெட்ட போனேன். பாலம்மா தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்: "அது நான் சுத்துனது பாலம்மா. பாத்துட்டுத்தான் சுத்துனேன்."

"தெரியும்." ஒரு சட்டையை உதறினாள். "இங்க வந்து எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? அங்க போயி சொல்லுங்க."

உட்காரச் சொல்லவில்லை.

19.03

சொல்லிவிட்டேன். சமையலறையில் எல்லோரும் இருக்கும்போதே. "ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?" என்றார் மயில்வாகனம். நான் தரையைப் பார்த்து நின்றேன். முகம் எரிந்தது. அவராலும் என்னை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

24.03, திங்கள்

பாலம்மா வந்துவிட்டாள். மயில்வாகனமே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். என்னைக் கழுவும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

காலையில், கழுவித் துடைத்த முள்ளுக்கரண்டிகளை எடுத்துப்போக வந்தாள். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவசரமே படவில்லை. நான் ஈரக் கையோடு பக்கத்தில் நின்றேன்.

இரண்டைத் திருப்பித் தந்தாள்.

வாங்கி, மறுபடி கழுவினேன்.