குரல் போன சேனாதிபதி

என் இல்லத்து மகாராணிக்கு, ஏழாம் வகுப்புப் போர்முனையிலிருந்து உன் சேனாதிபதி எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

ஒரு வாரமாக உன் போனை எடுக்கவில்லை என்று பயப்படாதே. நாற்பது பிள்ளைகளை அடக்க நான் போட்ட கூச்சலில் இரண்டு மலைகள் இடம்பெயர்ந்தன. என் தொண்டையும் கட்டிவிட்டது. வேறு வழியில்லாமல், தினமும் வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தலையாட்டிவிட்டு, அன்றைய வேலையைப் பலகையில் எழுதினேன். நம்பமாட்டாய், வகுப்பு அமைதியாகிவிட்டது!

நேற்றுக் குரல் திரும்பியது. யாரிடமும் மூச்சு விடவில்லை. வாயைத் திறந்தால் பழைய சந்தைக்கடை திரும்பிவிடுமோ என்று நடுக்கம். அடுத்த மாதம் தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துத்தான், புதிதாகச் சேர்ந்த என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வார்.

இன்று காலை, முதல் பெஞ்சு வாயாடி என் மேஜைக்கு வந்தாள்.

"சார், தொண்டை சரியாயிட்டா மறுபடியும் கத்துவீங்களா? நீங்க கத்தினா எனக்குப் பயமா இருக்கு சார்."

மூவுலகையும் ஆட்டிவைத்த நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன். நான்தான் அவர்களுக்குப் பயப்படுகிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"மாட்டேம்மா" என்றேன், மெதுவாக.

"ஐயோ, சாருக்குப் பேச்சு வந்துடுச்சு!"

நாற்பது முகங்களும் நிமிர்ந்து என் வாயையே பார்த்தன. நான் திரும்பிப் பலகையில் எழுதினேன். நோட்டுகள் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் அந்த முகங்கள் கண்ணை விட்டுப் போகவில்லை.

உன் அண்ணன் பிள்ளைகளிடம் மட்டும் மாமா கர்ஜிக்கிறார் என்றே சொல்லி வை. நீ தினமும் சாயங்காலம் போன் செய். மெதுவாகப் பேசிப் பழகவேண்டும். நான் தங்கியிருக்கும் அறையில் கேட்க ஆளில்லை. குரல் உயர்ந்தால் உடனே சொல்லிவிடு.

மதிய வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. வாசலில் நிற்கப் போகிறேன்.