வயிற்றெரிச்சல் உண்டா?

அலமாரியை ஒழித்தபோது, கேள்வித்தாள்களைச் செருகி நீ ஊர் ஊராகத் தூக்கி அலைந்த பரீட்சை அட்டை கிடைத்தது. கிளிப் துருப்பிடித்துவிட்டது. மூலையில் உன் பேனா கசிந்த நீலக் கறை மட்டும் அப்படியே இருக்கிறது. நீ போய் எட்டு மாதமாகிறது. அட்டையைக் கையில் எடுத்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். சிரிப்புதான் வந்தது. நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய்.

எண்பதுகளின் நடுவில் நாம் இருவரும் சென்னையில் இரைப்பை, குடல் நோய்களுக்கான மேற்படிப்பில் இருந்தோம். எண்டோஸ்கோப்பி கற்றால் போதாது, ஆராய்ச்சியும் கற்க வேண்டும் என்று பேராசிரியர் நம்மை ஒலக்கூர்ப் பக்கத்து ஊர்களுக்கு அனுப்பினார். குடல்புண் யார் யாருக்கு இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். நீ விழுப்புரத்துக்காரி, நான் திண்டிவனத்துக்காரன். ஊர்ப் பேச்சு தெரிந்தவர்கள் என்றுதான் நம்மைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பெருமையில் ஆங்கிலக் கேள்வித்தாளை நான் ஒரே மூச்சில் தமிழாக்கினேன். முதல் கேள்வி, "உங்களுக்கு வயிற்றெரிச்சல் உண்டா?" இல்லை என்றால் மற்றக் கேள்விகளை விட்டுவிடலாம்.

கேட்ட இடமெல்லாம் உண்டு உண்டு என்றார்கள். ஜீப்பில் திரும்பும்போது நான் ஏதோ பெரிய கண்டுபிடிப்பின் வாசலில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் இப்படியே போனது. பிறகு ஒருநாள், மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு விவசாயியிடம் எத்தனை நாளாக எரிச்சல் என்று நீ கேட்டாய்.

"பக்கத்துக் கொல்லக்காரன் மோட்டார் போட்டான் பாருங்க, அன்னிலேருந்துதாங்க" என்றார் அவர்.

நீ வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாய். எனக்கு வியர்த்துவிட்டது. பிறந்து வளர்ந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை ஆங்கில வாக்கியம் ஒன்று என்னை மறக்கடித்திருந்தது. இரண்டு மாதமாக நாம் எழுதிக் குவித்தது ஊராரின் பொறாமைக் கணக்கு.

அன்று மாலை நான் சொன்னதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. தாள்கள் அப்படியே இருக்கட்டும், சென்னையில் யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். நீ கோபப்படவில்லை.

"தெரியாதுதான். ஆனா இதப் படிச்சிட்டு எவனாவது ஒரு டாக்டர் மாத்திர எழுதுவான்ல?" என்றாய். மறுநாளே பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னோம்.

அவர் திட்டித் தீர்த்தார். தேர்வு ஆறு மாதம் தள்ளிப்போனது. நீ கேள்வியை மாற்றினாய். எங்கே வலிக்கிறது, கையால் தொட்டுக் காட்டுங்கள், சோறு தின்றால் வலி அடங்குகிறதா, ஏறுகிறதா. தாளின் அடியில் 'அவர் சொன்னது' என்று ஒரு வெற்று வரியும் விட்டாய். முதல் வீட்டிலிருந்து திரும்பவும் தொடங்கினோம்.

அப்படித்தான் அஞ்சலை வீட்டுக்கு இரண்டாம் முறை போனோம். கூலி வேலைக்குப் போகிறவள். முதல் முறை, "எனக்கு யார் மேலயும் வயித்தெரிச்சல் கெடையாதுங்க, எம்பாட்டுக்கு வேல செஞ்சிக்கினு கெடக்கறேன்" என்று அவள் சொல்ல, நான் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு நகர்ந்திருந்தேன். இம்முறை அவள் ஒற்றை விரலை நெஞ்சுக்குழிக்குக் கீழே வைத்தாள். கேப்பைக் கூழ் குடித்தால் கொஞ்சம் அடங்கும் என்றாள். நீ அருகில் போய்க் குரலைத் தாழ்த்தி வேறு ஏதோ கேட்டாய். தாரு மாதிரி கறுப்பாகப் போகிறது, சொல்ல வெட்கமாக இருந்தது என்றாள். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தாய். வெளுத்திருந்தது. உள்ளே புண்ணிலிருந்து ரத்தம் கசிகிறது என்பது நம் இருவருக்கும் அந்தக் கணமே புரிந்துவிட்டது.

அவளோ ஆடுகளை விட்டுவிட்டு வர முடியாது என்று பிடிவாதம் பிடித்தாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அவ்வளவுதான், அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாய். அவள் புருஷன் வேலையிலிருந்து வரும்வரை, குடல் நோயில் மேற்படிப்புப் படிக்கும் நான் ஏரிக்கரையில் இரண்டு ஆடுகளுக்குக் காவல் நின்றேன். ஒன்று என் கேள்வித்தாள் இரண்டைத் தின்றுவிட்டது. அந்தக் கதையை நீ எத்தனை மாநாட்டு விருந்துகளில் சொல்லிச் சிரித்திருக்கிறாய்!

ரத்தம் ஏற்றினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், அஞ்சலை பிழைத்துக்கொண்டாள். வார்டில் பார்க்கப் போனபோது எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"மொதல்லயே இப்பிடிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனே, டாக்டரம்மா" என்றாள். சொன்னது உன்னிடம். பார்த்தது என்னை.

இப்போது நானே ஆராய்ச்சி மாணவர்களைப் பழக்குகிறேன். எந்தக் கேள்வித்தாளையும் புறநோயாளி வரிசையில் நிற்கும் பத்துப் பேரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் அச்சுக்கு விடுவதில்லை. உன்னுடைய அந்த வெற்று வரியும் எல்லாத் தாளிலும் உண்டு. கணினியில் ஏற்ற முடியவில்லை சார் என்று மாணவர்கள் முனகுகிறார்கள். ஏற்ற வேண்டாம், படியுங்கள் என்கிறேன்.

நேற்று வந்த ஒரு தாளில், அந்த வரியில் ஒரு கிழவர் சொன்னதை மாணவி அப்படியே எழுதியிருந்தாள். "வயித்துல ஒண்ணுமில்லீங்க. பேச ஆளில்ல, அதான் வந்தேன்."

படித்துவிட்டுச் சிரித்தேன். உனக்குப் படித்துக் காட்ட வேண்டும் போலிருந்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.