வட்ட வாசலில் நின்று கூப்பிட்டது

அண்ணை,

இன்று காலை பஸ் தரிப்பில் அந்த மணம் மறுபடி வந்தது. ஜிங்கோ மரத்துப் பழங்கள் நிலத்தில் விழுந்து, சப்பாத்துகளின் கீழ் நசிந்து, காறல் நெய்போல நாறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற பெண் கழுத்துத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் ஆழமாக மூச்சிழுத்தேன். "சீனாக்காரன் ஆரோ வீட்டு நெய்யை இதுக்குள்ள ஊத்திப்போட்டான், மாஸ்டர்" என்று நீங்கள் மூக்கைச் சுளித்தது நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. நீங்கள் கோப்பை கழுவிய உணவகத்துக்குத் திங்கட்கிழமை ஓய்வுநாள். எனக்கு விடியற்காலைத் துப்புரவு வேலையும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும்தான். ஆகவே திங்கள் பின்னேரங்களில் ஸ்டுட்கார்ட்டின் மலைச்சரிவில் இருந்த சீனத் தோட்டத்துக்கு ஏறிப் போவோம். வெள்ளைச் சுவர், அதில் முழுநிலவு போல ஒரு வட்ட வாசல், உள்ளே ஒரு சிறிய குளம், அதன் ஓரத்தில் ஒரு ஜிங்கோ மரம். வசந்தத்தில் மக்னோலியா பூக்கும்போது ஊரே அங்கே நிற்கும். நீங்கள் அப்போது வரமாட்டீர்கள். மேப்பிள் இலைகள் சிவந்து உதிரும் காலத்தில்தான் வருவீர்கள்.

"பூப் பாக்க வாற சனம் கத்திக்கொண்டு நிக்கும். இலை விழேக்கதான், ஆரும் கூப்பிட்டாக் கேக்கும்" என்றீர்கள். யார் கூப்பிடப்போகிறார்கள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

குளத்தின் மேல் மடங்கி மடங்கிப் போகும் பாலத்தைப் பற்றி ஒருநாள் எங்கோ வாசித்ததைச் சொன்னேன். ஆவிகளுக்கு நேரே போகத்தான் தெரியுமாம், திரும்பத் தெரியாதாம், அதனால் சீனர்கள் இப்படிக் கட்டுவார்களாம். நீங்கள் பாலத்தின் மடிப்புகளை விரல் மடக்கி எண்ணினீர்கள்.

"அப்ப என்ர தம்பிக்கும் இதால வரத் தெரியாதோ?"

அன்றுதான் அந்தக் கதையைச் சொன்னீர்கள். ஊரில், இருட்டுப்படும் மம்மல் பொழுதில், வாசல் படலையடியில் "அண்ணை" என்று தம்பி கூப்பிட்டான். அவனுடைய குரல்தான். எழும்பிய உங்கள் கையை அம்மா பிடித்துவிட்டார். மம்மலில் வரும் ஒற்றைக் குரலுக்குப் பதில் சொல்லக்கூடாது. பேய் ஒருதரம்தான் கூப்பிடும், மனிதன் என்றால் மூன்றுதரம் கூப்பிடுவான். முந்திப் பதில் சொல்கிறவனை அது கூட்டிக்கொண்டு போய்விடும். நம் வீடுகள் எல்லாவற்றிலும் இருந்த பயம்தானே? நீங்கள் இரண்டாவதுக்குக் காத்திருந்தீர்கள். அது வரவில்லை. போய்ப் பார்த்தபோது படலையடியில் சைக்கிள் மட்டும் சரிந்து கிடந்தது. ஒரு சில்லு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு தம்பியை ஒருவரும் காணவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் உங்களைத் தேற்றப் பார்த்தேன். "அண்ணை, உதாரணத்துக்கு, மணிச்சத்தம் கேக்காத பிள்ளை வகுப்புக்குப் பிந்தி வந்தால் அந்தப் பிள்ளையில பிழை..."

"உதாரணத்தை விடும், மாஸ்டர். நான் கேட்டனான்."

வருடங்கள் போகப் போக, அந்தியேட்டியைச் செய்து தம்பியின் ஆத்துமாவை வழியனுப்பிவிடுவோம் என்று அம்மா எழுதிக்கொண்டிருந்தார். கடிதத்துக்குக் கடிதம் நீங்கள் மறுத்தீர்கள். "கூப்பிட்டவனுக்கு இன்னும் பதில் சொல்லேல்லை. அதுக்குள்ள எப்பிடிக் கிரியை செய்யிறது?"

நான் இத்தனை காலம் எழுதாமல் வைத்திருந்தது நீங்கள் அந்தக் கதை சொன்னதற்கு அடுத்த ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமையைப் பற்றி. அன்று பிந்திவிட்டேன். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்க ஏறிவந்து, வட்ட வாசலுக்கு வெளியே நின்றபடி உங்களைக் கண்டேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளத்தருகே நின்றீர்கள். என்றும்போல "அண்ணை!" என்றேன்.

உங்கள் தோள்கள் விறைத்தன. நீங்கள் திரும்பவில்லை. என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். காற்று இல்லை, ஆனாலும் இலைகள் விழுந்துகொண்டிருந்தன. குளத்துக் கைப்பிடியில் இருந்த உங்கள் வலக்கையில் ஒரு விரல் மடங்கியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. அதன் பிறகு தண்ணீரைப் பார்த்து, ஒரு குழந்தையோடு பேசுகிற குரலில் சொன்னீர்கள்: "ஓம் தம்பி. வாறன்."

நான் படிகளில் ஓசைப்படாமல் இறங்கிப்போய், வேண்டுமென்றே இருமிக்கொண்டு மறுபடி ஏறிவந்தேன். உங்கள் முகம் கழுவினதுபோல இருந்தது. "அம்மாவுக்கு எழுதப்போறன், மாஸ்டர். அந்தியேட்டியைச் செய்யட்டும்" என்றீர்கள். நல்லது என்றேன்.

அந்தக் குளிர்காலமே நீங்கள் படுத்துவிட்டீர்கள். நுரையீரல் என்றார்கள். பதில் சொன்னவரை அது கூட்டிக்கொண்டு போகும். ஆனால் கூப்பிட்டது நான் அல்லவா? ஊரில் பதினேழு வருடம் கணக்குப் படிப்பித்தவன், ஆசுபத்திரி நடைக்கூடத்தில் பேய்க்குப் பயந்து நின்றேன். கடைசியில் உங்கள் கட்டிலோரம் குனிந்து சொல்லிவிட்டேன்.

"அண்ணை, அண்டைக்குத் தோட்டத்தில கூப்பிட்டது நான்தான். என்னை மன்னிக்க வேணும்."

நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாகி, அடங்கிய பிறகு என் கையைத் தட்டினீர்கள்.

"உம்மட குரல் எனக்குத் தெரியாதே? முதலாவது நீர். மற்ற ரெண்டும் அவன். மூண்டாவதுக்குத்தான் நான் ஓம் எண்டனான்."

அந்தக் கிழமையே நீங்கள் போய்விட்டீர்கள். கணக்கு சின்னது, அண்ணை. மூன்றில் ஒன்று போனால் இரண்டு. முதலாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். நான் அந்தச் சுவரோரம் நின்று இலை விழும் ஓசைவரை கேட்டேன். அந்த இரண்டையும் கேட்கவில்லை. அதன் பிறகு எத்தனையோ ஐப்பசிகளில் அந்த வட்ட வாசலில் போய் நின்று பார்த்துவிட்டேன். குளமும் பாலமும் இருக்கின்றன. மிச்சம் அந்த இரண்டு.

ஆனால் உங்கள் கதையால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் கூப்பிட்டாலும், எந்த நேரமானாலும், முதலாவது குரலுக்கே எழும்பிவிடுகிறேன். "ஆரெண்டு பாராமல் ஓம் எண்டுறியள்" என்று மனைவி பேசுவாள். பேசட்டும்.

இன்று காலை அந்தத் தரிப்பில், நசிந்த பழங்களுக்கு நடுவில் நின்றபோது, எனக்குப் பின்னாலிருந்து "மாஸ்டர்" என்று ஒரு குரல் வந்தது. படிப்பித்த பிள்ளைகள் என்னை 'சேர்' என்பார்கள். மாஸ்டர் என்று கூப்பிட இந்த ஊரில் இப்போது ஒருவரும் இல்லை.

இரண்டாவதுக்கு நான் காத்திருக்கவில்லை.

"ஓம் அண்ணை" என்றேன்.