தபால்காரர் இடது பக்கம் ஓடுகிறார்

ஜூன் 3

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள், கிளறட்டும்.

வலது மணிக்கட்டின் மாவுக்கட்டை இன்று பிரித்துவிட்டார்கள். கடையில் பல்ப் மாற்றச் சுழல் நாற்காலியின் மேல் ஏறியவன் நான். இருபது வருஷமாக முடி வெட்டுகிறவனுக்குச் சுழல் நாற்காலியின் குணம் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் ஏறினேன். அது சுழன்றது.

எலும்பு கூடிவிட்டதாம். ஆனால் கட்டைவிரல் மற்ற விரல்களோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டது. சம்பந்தி சண்டை மாதிரி, பக்கத்தில் வந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கத்தரியை ஓட்டுவதே கட்டைவிரல்தான். அது வராவிட்டால் நான் கடையில் துண்டு உதறலாம், தரை கூட்டலாம்.

கைக்குப் பயிற்சி தரும் அம்மா ஒரு பை நிறைய பிளாஸ்டிக் மணிகளும், முளை முளையாக ஒரு தட்டும் கொடுத்தார். நான் அவருக்கு விரலம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

"ஒண்ணொண்ணா எடுத்து இந்த முளையில மாட்டுங்க. முடிஞ்சதும் மேல பட்டர் பேப்பர் போட்டு அயர்ன் பண்ணா உருகி ஒட்டிக்கும். அழகா இருக்கும்."

"எத்தனை வயசுக் குழந்தைங்களுக்கு இது?"

"உங்க கட்டைவிரல் வயசுக்கு."

ஜூன் 4

ஒரு மணியும் நிற்கவில்லை. எல்லாம் சோபாவுக்கு அடியில். மனைவி வாக்குவம் போட்டாள், உள்ளே மழை பெய்கிற சத்தம்.

ஜூன் 10

விரல்கள் வராததால் இடுக்கி கொடுத்திருக்கிறார் விரலம்மா. அதைக் கையால் முழுசாகப் பிடித்து அமுக்கினால் மணி ஏறுகிறது. "பூ, வண்ணத்துப்பூச்சி எல்லாம் பண்ணலாம்" என்றார். நான் என்ன பூக்கடையா வைத்திருக்கிறேன்? பிடித்ததைச் செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்.

பிடித்தது என்றால் எனக்கு ஒன்றுதான். தபால்காரர் ஆட்டம். சின்ன வயதில் சினிமாக் கொட்டகைக்குப் பக்கத்தில், காசு போட்டு ஆடுகிற ஆளுயர வீடியோ கேம் இயந்திரம் நிற்கும். திரையில் தொப்பி போட்ட தபால்காரர், சிவப்புப் பை, ஏணி ஏணியாக ஏறி வலது பக்கம் ஓடுவார். வெள்ளை வாத்துகள் துரத்தும். கட்டம் கட்டமான உருவம், மணிக்கென்றே அளவெடுத்த மாதிரி. நானும் மச்சினனும் அங்கேதான் பழக்கம். அவனை வீட்டுக்கு இழுத்துப் போக அவன் அக்கா வந்து வாசலில் நின்று கத்துவாள். அந்தக் கத்தலைத்தான் கட்டிக்கொண்டேன்.

மச்சினன் சாயங்காலம் வந்தான். இப்போது கடை அவன் கையில். யார் வந்தாலும் சட்டி கவிழ்த்த மாதிரி ஒரே வெட்டு.

"மாமா, மேஜர் மட்டும் உக்கார மாட்டேங்கிறாரு. உங்க மாமா கை சரியாகட்டும், அதுவரைக்கும் வளரட்டும்னு போயிட்டாரு."

மேஜர் என்பது நாங்கள் வைத்த பெயர். ராணுவத்தில் அவர் சமையல் பிரிவில் இருந்தார். ஆனால் கழுத்துப் பின்னால் ஒரு முடி நீண்டாலும் தாங்காத மனிதர். கை சரியாகும் என்று அவருக்கு யார் சொன்னது?

ஜூன் 16

முதல் தபால்காரர் முடிந்தார்!

இஸ்திரி போட்டது மனைவி. நான் பக்கத்தில் நின்று "சூடு அதிகம், தூக்கு, தேய்க்காதே, வட்டமா சுத்து" என்று அதிகாரம் செய்தேன். "வாயால மட்டும் நல்லா அயர்ன் பண்ற" என்றாள். தாளைப் பிரித்ததும் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

தபால்காரர் இடது பக்கம் ஓடுகிறார்.

"லீவு கேக்கத் திரும்ப ஆபீசுக்கே போறாரு போல!"

நடந்தது இதுதான். உயரம் சரியாக இருக்கிறதே என்று முகம் பார்க்கும் கண்ணாடி மேஜை முன்னால் உட்கார்ந்து செய்தேன். மச்சினன் அச்செடுத்துக் கொடுத்த படத்தைக் கண்ணாடியைப் பார்க்க நிறுத்தி வைத்திருந்தேன். கடையில் வாடிக்கையாளர் கொண்டுவரும் படத்தை அப்படித்தானே வைப்பேன்? அவர் முகமும் படமும் கண்ணாடியில் பக்கத்துப் பக்கத்தில் தெரிய வேண்டும். கண்ணாடியில் தெரிந்ததைப் பார்த்தே மணி வைத்தேன், படத்தை நேராகப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தொழில் புத்தி.

ஜூன் 17

வாத்துகளும் இடது பக்கமாகவே செய்துவிட்டேன். அவரைத் தனியாக விடக் கூடாதல்லவா.

ஜூன் 25

எல்லாம் நாசமாப் போச்சு.

விரலம்மா இடுக்கியை ஓரமா வைக்கச் சொல்லிட்டு, வெறும் விரலால எடுங்கன்னாங்க. ஒரு மணி. ஒரே ஒரு மணி. கை நடுங்குது, வேர்க்குது, மணி வழுக்கிட்டு ஓடுது. திரும்ப வருமான்னு கேட்டேன். "கொஞ்சம் வரும். கத்தரி பிடிக்கிற அளவுக்கா, சொல்ல முடியாது." நல்லவங்கதான், பொய் சொல்லத் தெரியல. சொல்லியிருக்கலாம்ல?

வீட்டுக்கு வந்து தட்டைத் தூக்கி எறிஞ்சேன். பாதி முடிஞ்ச ஏணி, புதுசா ஆரம்பிச்ச வாத்து எல்லாம் சிதறிப் போச்சு. நாப்பத்தஞ்சு வயசுல குழந்தை விளையாட்டு, அதுவும் வரல. வேற என்ன தெரியும் எனக்கு? முடி வெட்டத் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

மனைவி தரையில் உட்கார்ந்தாள். முறத்தில் மணிகளை வாரிப் போட்டு நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது, குளியலறைக்குப் போய் அழுதேன். வெளியே வந்தபோது, தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அந்த ஆட்டத்தோட கடைசிக் காட்சி நீ பாத்திருக்கியா?"

"எங்க பாத்தேன். கடைசியில வர்ற கலங்கரை விளக்கம் வாசல்லயே வாத்து கொத்திரும். உன் தம்பியும் பாத்ததில்ல. யாரும் பாத்ததில்ல."

"நான் பாத்திருக்கேன்."

ஜூன் 26

அவள் ஆட்டத்தை முடித்தாளாம்! நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு மத்தியானத்தில். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"உங்க ரெண்டு பேர் மானம் போக வேண்டாம்னுதான்."

கதவு திறந்ததும் உள்ளே என்ன இருந்தது என்று கெஞ்சினேன். வாயால் சொல்ல மாட்டாளாம். வரிசை வரிசையாக நிறம் சொல்வாளாம், நான் மணி வைக்க வேண்டும். ஃபோனில் தேடக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். என் தலையில்தான், பலமாக.

ஜூன் 28

"வரிசை ஒண்ணு. எல்லாம் கறுப்பு."

"வரிசை ரெண்டு?"

"கறுப்பு."

"என்ன கடைசிக் காட்சி இது, கரண்ட் போயிருச்சா?"

"பேசாம வை."

ஜூலை 5

கறுப்பு முடிந்து மஞ்சள் வந்தது. விளக்கு வெளிச்சமாக இருக்கும். அதன் கீழே வெள்ளையாக ஏதோ மூன்று மேடு. மேகமா? கேட்டால் காப்பி போட எழுந்து போய்விடுகிறாள்.

மச்சினன் வந்து, மேஜர் முடிக்கு ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார் என்றான். நம்பவில்லை. ஃபோட்டோ காட்டினான்.

ஜூலை 9

இடுக்கி காணவில்லை. வீடெல்லாம் தேடியாயிற்று. "எலி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்கிறாள். எலிக்கு எதற்கு இடுக்கி, புருவம் திருத்தவா? அவளுக்கு என்ன, "அடுத்த வரிசை" என்று ஆரம்பித்துவிட்டாள். விரலால்தான் வைத்தேன். ஒரு வரிசைக்கு முழுச் சாயங்காலமும் போனது. திட்டிக்கொண்டே வைத்தேன். எலியை, நாற்காலியை, மாமனாரை.

ஜூலை 19

வெள்ளை மேடு மூன்றும் வாத்துகள். துரத்தவில்லை. வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, கடையில் முறைக்குக் காத்திருக்கிற மாதிரி.

ஜூலை 22

முடிந்தது. நடுவில் ஓர் இடத்தை மட்டும் காலியாக விடச் சொல்லியிருந்தவள், கடைசியில் அதற்குள் கீழிருந்து மேலாகத் தோல் நிற மணிகளாகச் சொல்லிக்கொண்டே போனாள். வட்டமாக வருகிறது, முகம் என்று தெரிகிறது. சரி, இனி முடிக்குப் பழுப்பு வரும் என்று பழுப்பு மணியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"தோல் நிறம்."

"இன்னுமா?"

"தோல் நிறம். அடுத்த வரிசையும் தோல் நிறம். முடிஞ்சுது."

தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார் தபால்காரர். வழுக்கை! பளபளவென்று வழுக்கை! இந்த ஆளுக்காகவா மத்தியானச் சாப்பாட்டை விட்டு ஏணி ஏறினேன்? சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவளும் சிரித்தாள், மேஜையில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அப்போதுதான் அவள் கொண்டையில் ஏதோ மின்னியது. இடுக்கி.

முடியைப் பார்த்தே பிழைக்கிறவன் நான். பெண்டாட்டி இத்தனை நாளாகக் கொண்டையில் சொருகிக்கொண்டு திரிந்ததைப் பார்க்கவில்லை. என் கையையும் அப்போதுதான் பார்த்தேன். அந்த வழுக்கைத் தலை முழுவதையும் மணி மணியாகக் கட்டைவிரல்தான் வைத்திருக்கிறது.

ஜூலை 23

படத்தை மச்சினனிடம் பெருமையாகக் காட்டினேன். உன் அக்கா எந்தக் காலத்திலோ முடித்த ஆட்டம்டா, இதுதான் முடிவு என்றேன்.

"அக்காவா? மாமா, அவ மெஷினத் தொட்டதே ஒரு தடவதான். முதல் வாத்துகிட்டயே செத்துட்டு, இந்த மெஷின் சரியில்லன்னு உதைச்சா. நான் பக்கத்துலயே நின்னேனே."

"வேற நாள் ஆடியிருப்பா."

"உதைச்ச அன்னைக்கே மெஷின் வச்சிருந்த கடைக்காரர் அவள இனி வரக் கூடாதுன்னுட்டாரு."

அவன் போன பிறகு ஃபோனைக் கையில் எடுத்தேன். தேடவில்லை.

ஒவ்வொரு வரிசையையும் இந்த மனுஷி சமையல் செய்துகொண்டே மனதில் கட்டியிருக்கிறாள். கறுப்பு, கறுப்பு, மஞ்சள். எனக்கு என்ன வைத்தால் எழுந்து உட்காருவேன் என்று யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு வழுக்கையை வைத்திருக்கிறாள். ராட்சசி. அவளிடம் எதுவும் கேட்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 9

வலது கை. இதுவும் கோழி கிளறியதுதான், ஆனால் என் கோழி.

இன்று கடைக்குப் போனேன். மச்சினன் இரண்டு படங்களையும் நாற்காலிகளுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்தான். மேஜர் ரப்பர் பேண்டோடு வந்து உட்கார்ந்தார். கத்தரியை எடுத்தேன். பின்கழுத்து முடிந்தது, இடது பக்கம் முடிந்தது. வலது காதுக்கு மேல் வந்தபோது கட்டைவிரல் நடுங்கியது. காது அவருடையது, விளையாடக் கூடாது. கத்தரியை நீட்டினேன், மச்சினன் வாங்கி மீதியை வெட்டினான். இன்றைக்கு இவ்வளவுதான் வந்தது. இதற்கு மேல் வருமா என்று விரலம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மேஜர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு ஆள் வெட்டின மாதிரி இருக்கே."

"ரெண்டு ஆள்தான் சார்."

"அப்ப அடுத்த மாசமும் ரெண்டு பேரும் இருங்க." கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பின்னால அந்தத் தபால்காரர் நல்லா ஓடுறாரு. பக்கத்துல வழுக்கையா ஒருத்தர் நிக்கிறாரே, அவருக்கும் நீதான் வெட்டினியா?"

நானும் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் தபால்காரர் வலது பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தார், வாத்துகளும்.

சாயங்காலம் மேஜரின் பாதித் தலைக் கதையை மனைவியிடம் சொன்னேன். "பாதி பாதியா வெட்டினா போதும், யாரு உன்னத் துரத்துறா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயம் என்றாள். கையில் வெங்காயம் இல்லை.

நான் காலியான முளைத் தட்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"அந்த ஆட்டத்துக்கு ரெண்டாம் பாகம் ஒண்ணு வந்துச்சாமே. அதோட கடைசிக் காட்சி பாத்திருக்கியா?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். தம்பி உளறிவிட்டான் என்று தெரிந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாத்திருக்கேனே. வரிசை ஒண்ணு. எல்லாம் கறுப்பு."

முதல் மணியை எடுத்து வைத்தேன்.